கொடைமடமும் கொடை வரம்பும்
பழனிமலைச் சான்றுகளும் நிரற்கொடையின் உரிமை வரலாறும்

முன்னுரை

தாம் இயற்றிய ஒன்றைப் பொதுவிற்கு ஈந்த பின்னரும் அதன்மேல் ஈந்தாருக்கு உரிமை எஞ்சுமோ, எஞ்சுமாயின் எவ்வளவு என்பது இக்காலத்து அறிவுலகம் பெரிதும் ஆராயும் வினாக்களுள் ஒன்றாகும். கணிப்பொறிக்கென எழுதப்பெறும் நிரல்களைத் திறந்த மூலத் திட்டங்களுக்குக் கொடையாக அளிப்போர் பல்கியமையின் இவ்வினா கூர்மை பெற்றது. இது மென்பொருள் வல்லுநர்தம் கவலையன்றோ, தமிழ்த்துறைக்கு இதனால் ஆவது யாது என வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு விடை இரண்டு. இந்தியச் சட்டம் நிரலை இலக்கியப் படைப்பு எனவே வகுத்துள்ளமை ஒன்று. மின்பாடங்கள், அகராதித் தரவுகள், சொற்பகுப்பு நிரல்கள் ஆகியவை இன்று தமிழாய்வின் கருவிகளாய்விட்டமை மற்றொன்று. கருவி யாருடையது என்பது தெளிவாகாத இடத்து, அதனை ஊன்றி எழும் ஆராய்ச்சியும் நிலைபெறாது.

இவ்வினாவை ஆராயப் பழனிமலைத் தொடரைக் களமாக யாம் கொள்வது காரணம் பற்றியேயாம். கொடையின் இருவேறு இயல்புகளைத் தமிழில் முதன்முதல் நிறுத்துக் கண்ட பாடல்கள் இம்மலை நாட்டுத் தலைவன் ஒருவனைப் பற்றியவை. பொதுவிற்குத் திறந்துவிடப்பெற்ற ஒரு பெரும் அறிவியற் செல்வமும் இம்மலையின் உச்சியிலேயே உள்ளது.

1. பேகன் கொடை

இன்று பழனி என வழங்கும் ஊர் சங்க நூல்களிற் பொதினி எனவும் ஆவினன்குடி எனவும் பெயர் பெற்றது என்பது அறிஞர் துணிபு. ஆவியர் குடியிற் பிறந்து இம்மலை நாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்னும் செய்தியைச் சிறுபாணாற்றுப்படையும் புறநானூறும் கூறுகின்றன.

இக்கொடையிற் கருதற்பாலது ஒன்று உண்டு. மயில் அப்போர்வையை உடுத்தவும் அறியாது, போர்க்கவும் அறியாது. இதனைப் பேகனும் அறிந்தே ஈந்தான் என்பது பரணர் பாடலின் குறிப்பாகும். பெறுவோர் அதனை எவ்வாறு பயன்கொள்வர், பயன்கொள்வரோ கொள்ளாரோ என்பவற்றை அவன் கேட்டிலன். 142ஆம் புறப்பாட்டில் அப்புலவரே இவ்வியல்பை மழையோடு ஒப்பிடுகின்றார். வறண்ட குளத்திலும் அகன்ற வயலிலும் களர்நிலத்திலும் மழை ஒருபடித்தாகவே பெய்கின்றது. இவ்வாறு வேறுபாடு நோக்காது வழங்குதலைக் கொடைமடம் என்னும் சொல்லாற் புலவர் சுட்டினார். ஈண்டு மடம் என்பது பழிப்பன்று. வரையறை இன்மையைக் குறிக்கும் புகழ்ச்சியேயாம்.

அதே பேகனை நோக்கிப் பிறிதொரு வகைக் கொடையை வேண்டிய பாடல்களும் உள. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த காலத்துக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனைப் பாடினர். புறநானூற்றின் 143 முதல் 147 முடியவுள்ள பாடல்கள் அவை. பசித்து வந்தோம் அல்லோம், சுற்றமும் எம்மைச் சூழவில்லை, யாம் வேண்டும் பரிசில் நீ இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைதலே என்பது பரணர் ஒரு பாடலிற் கூறியதன் கருத்து. அணிகலனும் செல்வமும் நின்னிடமே இருக்க, எமக்கு ஈய விரும்பின் தேரிற் குதிரை பூட்டுக என்றார் அரிசில்கிழார்.

ஆக, ஒரே தலைவனிடத்துக் கொடையின் இரு வகைகளைக் காண்கின்றோம். பெறுவோர்மேல் எக்கட்டுப்பாடும் வையாது விடுவது ஒன்று. பொருள் கைமாறுவதனோடு அமையாது, அதன்வழி ஓர் ஒழுகலாறு நிகழவேண்டும் என வற்புறுத்துவது மற்றொன்று. மென்பொருள் உரிமங்கள் இன்று பிரிந்து நிற்கும் இருபாற் பிரிவும் இதுவே. பழம்பாடலில் இன்றைய சட்டத்தைக் காண்டல் எம் நோக்கமன்று. கொடையைப் பற்றிய இவ்விரு கருத்தும் மக்கள் வாழ்வில் நெடுங்காலமாக அருகருகே இருந்துவந்தன என்பதே யாம் காட்டக் கருதியது.

2. கோடைக்கானல் ஒளிப்படத் தட்டுகள்

கொடையின் இயல்பை ஆராயுமுன், கொடுப்பதற்கு உரியவர் யார் என்பதனை ஆராய்தல் முறை. இதற்குக் கோடைக்கானற் சூரிய ஆய்வகம் நல்ல சான்றாகின்றது. 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இவ்வாய்வகத்தில் 1904ஆம் ஆண்டு முதற்கொண்டு சூரியனைக் கண்ணாடித் தட்டுகளில் ஒளிப்படமாக எடுத்து வரலாயினர். இங்குப் பணிபுரிந்த சான் எவர்செட் 1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சூரியப் புள்ளிகளில் வளிமங்கள் பாயும் இயல்பைக் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே எவர்செட் விளைவு என உலகெங்கும் வழங்குகின்றது. வானிலைத் துறையின் கீழ் இருந்த ஆய்வகம் 1971ஆம் ஆண்டில் இந்திய வானியற்பியல் நிறுவனமாகத் தன்னாட்சி பெற்றது. ஒரு நூற்றாண்டுக்குக் குறையாத அத்தட்டுகள் அந்நிறுவனத்தால் எண்ணுருவாக்கப்பெற்று, உலகின் எந்த ஆராய்ச்சியாளரும் எடுத்தாளுமாறு திறந்துவிடப்பெற்றுள்ளன.

இக்கொடையை அளித்தவர் யார்? படம் எடுத்தவர் எவர்செட்டும் அவர் உடனுழைத்தோரும் அவர்க்குப் பின்வந்தோரும் ஆவர். எனினும் அவர்கள் அரசுப் பணியில் இருந்து அவற்றை எடுத்தனர். அரசுப் படைப்பிற்கு வேறு உடன்பாடு இல்லாதவழி அரசே முதல் உரிமையாளர் என்பதும், ஊதியம் பெற்றுப் பணியின் பகுதியாக ஒருவர் இயற்றியதற்கு அவ்வாறே பணி அளித்தோர் முதல் உரிமையாளர் என்பதும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கருத்தாகும். ஆதலின் இத்தகைய படைப்பில் கண்டறிந்த புகழ் ஆய்வாளரைச் சாரும். வழங்கும் உரிமை நிறுவனத்தைச் சாரும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுதல் பிழை.

இச்செல்வத்தில் மூன்று அடுக்குகள் உள்ளமையும் நோக்கற்பாலது. ஒரு நாளிற் சூரியனில் இத்தனை புள்ளிகள் தோன்றின என்பது உண்மைச் செய்தி. செய்திக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை இல்லை. கருத்திற்கு உரிமை இன்மையை 1978ஆம் ஆண்டில் ஆர். சி. ஆனந்து வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. அச்செய்தியைத் தாங்கும் ஒளிப்படம் இரண்டாம் அடுக்கு. அப்படத்தைத் திருத்தி அளந்து எண்ணாக்கும் நிரல் மூன்றாம் அடுக்கு. படத்தைத் திறந்துவிட்டமையாலேயே நிரலும் திறந்துவிடப்பெற்றது ஆகாது. சங்க நூற்பாடம், அதன் ஏட்டுப் படிமம், அதனைச் சொற்பிரிக்கும் நிரல் என எண்ணிப் பார்ப்பின், தமிழ்த் தரவுகளுக்கும் இப்பாகுபாடு அப்படியே பொருந்துதல் காணலாம்.

3. பாரதியார் நூல்கள் காட்டும் பாடம்

உரிமை பிரிந்து கிடப்பின் கொடை எத்துணை அரிதாம் என்பதற்குத் தமிழகத்தின் தலைசிறந்த சான்று பாரதியார் நூல்களே. 1921ஆம் ஆண்டிற் கவிஞர் மறைந்தார். அக்காலத்து வழங்கிய 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் மறைவிற்குப் பின் 50 ஆண்டுகள் உரிமையை நிலைநிறுத்தியது. அவர் பாடல்களை நூலாக வெளியிடும் உரிமை ஒருவரிடமும், இசைத்தட்டிற் பதியவும் ஒலிபரப்பவுமான உரிமை வேறொருவரிடமும் சென்று சேர்ந்தன. நாடே பாடிய பாட்டை மேடையிலும் திரையிலும் பாடத் தனியொருவர் இசைவு வேண்டியிருந்த நிலைக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. தம்மிடம் இருந்த ஒலியுரிமையை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலை பெறாது விட்டுக்கொடுத்தார். சென்னை அரசு 1949ஆம் ஆண்டில் உரிமைகளைத் தன்வயமாக்கியது. பின்னர் யாவரும் தடையின்றிப் பதிப்பிக்கும் நிலை வந்தது. அதுமுதல் தமிழறிஞர் பலர்தம் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பெற்று வருதல் தமிழகத்திற்கே உரிய சிறப்பு எனலாம்.

இவ்வரலாறு உணர்த்துவன மூன்று. பதிப்புரிமை ஒன்றன்று, பல கூறுகளாகப் பிரிந்து பலர் கையிற் சேரத்தக்க தொகுதி. அக்கூறுகளுள் ஒன்று தடைப்படினும் பொதுமை நிறைவுறாது. ஆசிரியர் வாழ்நாளிலேயே எழுத்தில் ஏற்பாடு செய்யாத இடத்து, அவர் கருத்து யாதாயினும், உரிமை சட்டத்தின் போக்கிலேயே செல்லும்.

4. நிரல் இலக்கியமான வரலாறு

இந்தியாவில் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் கணிப்பொறி நிரல் பதிப்புரிமைச் சட்டத்துள் இலக்கியப் படைப்பாகச் சேர்க்கப்பெற்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குத் தனி வரைவிலக்கணமும் வகுத்தது. இதனால் நிரல் எழுதுவோர் சட்டத்தின் முன் நூலாசிரியரே ஆவர். எழுதிய அளவிலேயே உரிமை பிறக்கும்; பதிவு செய்தல் கட்டாயமன்று. ஆகவே உரிமக் குறிப்பு யாதுமின்றிப் பொதுவெளியில் இடப்பெற்ற நிரல் பொதுவுடைமை என்று கருதுதல் பொருந்தாது. யாரும் காணலாம் என்பதனால் யாரும் எடுத்தாளலாம் என்பது பெறப்படவில்லை.

கொடையளிப்போர்க்குச் சட்டம் காட்டும் வழிகள் மூன்று. முதலாவது உரிமையை முற்றும் மாற்றிக்கொடுத்தல். 19ஆம் பிரிவின்படி இது கையொப்பமிட்ட எழுத்தால் ஆதல் வேண்டும். எந்தப் படைப்பு, எவ்வுரிமை, எவ்வளவு காலம், எந்நிலப் பரப்பு என்பன அதிற் குறிக்கப்பெறல் வேண்டும். காலம் குறியாவிடின் 5 ஆண்டு எனவும், நிலப்பரப்பு குறியாவிடின் இந்தியா எனவும் சட்டமே பொருள் கொள்ளும். இரண்டாவது உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பயன்கொள்ள இசைவு தருதல், இதுவே உரிமம். 30ஆம் பிரிவின்படி இதுவும் எழுத்தில் அமைதல் வேண்டும். எனினும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குக் கையொப்பம் வேண்டும் என்னும் கட்டளையை நீக்கிற்று. 19ஆம் பிரிவின் விதிகள் ஏற்ற மாற்றங்களுடன் உரிமத்திற்கும் பொருந்தும் என 30அ பிரிவு கூறும். மூன்றாவது உரிமையையே துறத்தல். 21ஆம் பிரிவு இதற்கு இடந்தருகின்றது. 2012 முதல் பொது அறிவிப்பின் வாயிலாகவும் துறக்கலாம்.

5 ஆண்டு என்னும் அவ்வரம்பு கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஒருவர் தம் நிரலை நன்மனத்தோடு ஒரு நிறுவனத்திற்கு ஈந்து, காலத்தைக் குறியாது ஒரு சிறு கடிதம் மட்டும் எழுதிவைத்தார் எனக் கொள்வோம். அவர் எண்ணியது என்றைக்குமான கொடை. சட்டம் கருதுவதோ 5 ஆண்டுக் கொடை. அக்காலம் கழிந்தபின் அந்நிரலின்மேற் கட்டப்பெற்ற பணி அனைத்தும் ஐயத்திற்கு இடமாகும். கொடைமடம் மனத்திற்குப் பெருமை. ஆவணத்திற்கு அது குறை.

உரிமை கைமாறினும் மாறாத ஒன்றும் உண்டு. படைப்பு தம்முடையது எனக் கூறிக்கொள்ளவும், தம் மதிப்பிற்குக் கேடாக அது சிதைக்கப்படுதலைத் தடுக்கவும் ஆசிரியர்க்கு 57ஆம் பிரிவு தனியுரிமை வழங்குகின்றது. ஆதலின் கொடை பெற்றோர் ஆசிரியர் பெயரை அழித்தல் ஒருகாலும் முறையாகாது.

5. உரிமங்களின் இருபாற் பிரிவு

உலக அரங்கில் இருவகை உரிமங்கள் வளர்ந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் தோன்றிய உரிமம், ஆசிரியர் பெயரையும் குறிப்பையும் காத்தல் போதும், மற்றெவ்வாறு வேண்டினும் பயன்கொள்க என விட்டது. இது மயிலுக்குப் போர்வை ஈந்த வகை. ரிச்சர்டு சுடால்மன் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுமக்கள் உரிமம், பெற்றவர் அதனை மாற்றிப் பிறர்க்கு வழங்கின் அவர்க்கும் அதே உரிமையையும் மூலநிரலையும் வழங்குதல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. இது புலவர் நால்வர் வேண்டிய வகை. பொருளோடு ஓர் ஒழுகலாற்றையும் வேண்டுவது.

முதல் வகையிலும் வரம்பு முற்றும் இல்லாமற் போகவில்லை. யூனிக்சு நிரலின் உரிமை குறித்து 1992ஆம் ஆண்டிற் பெர்க்கிலி வழி வந்தோர்மேல் வழக்குத் தொடுக்கப்பெற்றது. அவர்தம் பகுதியை எடுத்தாண்ட எதிர்த்தரப்பு, அதிலிருந்த பல்கலைக்கழகப் பெயர்க் குறிப்பை நீக்கியமை பற்றிப் பல்கலைக்கழகமும் எதிர்வழக்கிட்டது. 1994ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டபோது ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் 3 மட்டுமே நீக்கப்பெற்றன. 2008ஆம் ஆண்டில் சேக்கப்சன் வழக்கை ஆராய்ந்த அமெரிக்க முறையீட்டு மன்றம், விலையின்றி வழங்கிய நிரலாயினும் உரிமத்திற் கூறிய கட்டளையை மீறுதல் பதிப்புரிமை மீறலே ஆகலாம் எனத் தீர்ப்பளித்தது. இலவசம் என்பது கேட்பாரற்றது என்னும் பொருளைத் தாராது என்பது இதனால் நிலைபெற்றது.

கொடையின் மூலத்தை ஆராயும் வழக்கமும் பட்டறிவால் விளைந்ததே. லினக்சு நிரலிற் பிறர் உடைமை கலந்துளது என 2003ஆம் ஆண்டில் எசுகோ நிறுவனம் வழக்கிட்டது. அதன் பின்னர், 2004 முதல், இந்நிரலை அளிக்க எனக்கு உரிமை உண்டு எனக் கொடையாளர் ஒவ்வொருவரும் உறுதி கூறிப் பெயரிடும் முறை அத்திட்டத்தில் நடைமுறையாயிற்று.

6. தமிழ்க் கணிமையிற் கண்ட நிகழ்ச்சிகள்

தமிழுலகிலும் இவ்வினாக்கள் எழுந்து தீர்வு கண்டுள்ளன. எ-கலப்பை என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் முன்னைப் பதிப்புகள் கீமேன் என்னும் பிறர் உடைமையான பொறியைச் சார்ந்து இயங்கின. பொறி பிறருடையதாய் இருக்குங்கால், அதன்மேல் அமைந்த தமிழ்ப் பகுதியைத் திறந்துவிடினும் முழுமையும் விடுதலை பெறாது. இக்குறை பின்னைப் பதிப்பிற் பொறியைத் தாமே எழுதிப் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிட்டதனாற் களையப்பெற்றது.

இலோகித்து என்னும் எழுத்துரு வரிசையை ரெட்ஃகாட்டு நிறுவனம் 2004ஆம் ஆண்டிற் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வழங்கிற்று. எழுத்துரு ஓர் ஆவணத்துள் பதிக்கப்பெறுங்கால் அவ்வாவணமும் அவ்வுரிமத்திற்கு உட்படுமோ என்பது அவ்வகை எழுத்துருக்கள்மேல் எழும் ஐயம். 2011ஆம் ஆண்டில் எழுத்துருக்கெனவே அமைந்த திறந்த உரிமத்திற்கு அவ்வரிசை மாற்றப்பெற்றது. உரிமை ஒரே இடத்தில் தொகுத்து இருந்தமையால் மாற்றம் எளிதாயிற்று.

உரிமை பல்லாயிரவரிடம் பரந்து கிடப்பின் யாது செய்வது? 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களும் முதற்கண் குனூ ஆவண உரிமத்தைக் கைக்கொண்டன. அதனினும் எளிய உரிமத்திற்கு மாற வேண்டியபோது, எழுதிய ஒவ்வொருவரிடமும் இசைவு பெறுதல் இயலாததாயிருந்தது. இவ்வுரிமத்தின் பிற்பதிப்பும் பொருந்தும் என முன்னரே எழுதப்பெற்றிருந்த ஒரு சிறு தொடர் துணைநின்றது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பதிப்பு மாற்றத்திற்கு வழிவிட, 2009ஆம் ஆண்டில் மாற்றம் நிறைவேறிற்று. அத்தொடர் இல்லாதிருப்பின் பல்லாயிரவர் உழைப்பு பழைய கட்டுக்குள்ளேயே நின்றிருக்கும்.

7. பாயிரமும் உரிமக் குறிப்பும்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் தமிழ் இலக்கண மரபு ஈண்டுப் பெரிதும் துணைசெய்வதைக் காணலாம். முதனூல், வழிநூல் என நூல்களைப் பகுத்த தொல்காப்பியம், வழிநூல் தோன்றும் முறைகளையும் வகுத்துக் கூறுகின்றது. முன்னோர் நூலைச் சுருக்கியும், பெருக்கியும், அவ்விரண்டும் விரவியும், பிறமொழியினின்று பெயர்த்தும் ஆக்குவது வழிநூலாகும். ஒரு நிரலிற் பகுதியை எடுத்துக்கொள்ளுதல், கூறு சேர்த்து விரித்தல், வேறொரு நிரன்மொழிக்கு மாற்றுதல் என இன்று வழங்குவனவும் இவையே. சட்டம் இவற்றுள் ஒவ்வொன்றற்கும் மூல ஆசிரியர் இசைவைக் கேட்கின்றது. நம் மரபு வழியை மறையாது கூறுதலைக் கேட்கின்றது.

அங்ஙனம் கூறும் இடம் பாயிரம். ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர் முதலாக எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரம் தெரிவித்தல் வேண்டும் என்பர் நன்னூலார். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் உடன்சேர்த்து உரைப்பாரும் உளர். இவற்றை 19ஆம் பிரிவு கேட்கும் செய்திகளோடு ஒப்பிடுக. யார், எந்தப் படைப்பு, எவ்வெல்லை, எக்காலம் என்பன இரண்டிடத்தும் வருகின்றன. மரபு சொல்லும் எல்லை நூல் வழங்கும் நிலம். சட்டம் சொல்லும் எல்லை உரிமை செல்லும் நிலம். நோக்கம் வேறாயினும் படைப்பு தன்னைப் பற்றிய செய்தியைத் தன் தலையிலேயே சுமந்து செல்லவேண்டும் என்னும் நெறி ஒன்றே. பாயிரமல்லது நூலன்று என நம் முன்னோர் கருதியவாறே, உரிமக் குறிப்பில்லாத நிரல் கொடையன்று எனலாம்.

1998ஆம் ஆண்டில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முயற்சியாற் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்நெறிக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்களை யாவரும் படியெடுத்துப் பரப்பலாம். ஆனால் தட்டெழுதியோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர் தாங்கிய முகப்புப் பகுதியை நீக்காது வழங்குதல் வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். மின்னூலுக்கு அது பாயிரமாய் நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. கொடைக்கு முன் உரிமை யாரிடம் உள்ளது என்பது தெளியப்பெறல் வேண்டும். பணியின் பகுதியாக எழுதிய நிரலை எழுதியவர் தாமே வழங்க இயலாது. உதவித்தொகை பெறும் மாணவர், ஊதியம் பெறும் ஆசிரியர், வெளியிலிருந்து உதவிய தன்னார்வலர் ஆகிய மூவரும் ஒரே நிரலில் உழைத்திருப்பின் மூவர் நிலையும் தனித்தனியே ஆராய்தற்குரியது. பாடம், படிமம், நிரல் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமக் குறிப்பு வேண்டும். காலமும் நிலமும் வெளிப்படையாகக் குறிக்கப்பெறல் வேண்டும். பிற்பதிப்பு உரிமத்திற்கு இடம் விடப்பெறல் வேண்டும். உழைத்தோர் பெயர் எந்நிலையிலும் நீங்காது நிற்றல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் முனைவர் பட்டத்திற்கென உருவாகும் சொற்பகுப்பு நிரல்களும் குறியிட்ட பாடங்களும் பட்டம் பெற்றதனோடு ஒழிந்துபோகாமற் காப்பது இத்தலைமுறையின் கடமையாகும். ஆய்வேட்டை ஒப்படைக்குங்கால் அதனுடன் இயைந்த நிரலுக்கு ஒரு பக்க அளவிலான உரிமப் பாயிரத்தையும் உடன்பெறும் வழக்கத்தைத் துறைகள் மேற்கொள்ளுதல் நலம் என்பது எம் கருத்து. இதற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது முன்னெண்ணம் ஒன்றே. பேகன் ஈந்த போர்வை எத்தகையது, அதற்குப்பின் அது என்னவாயிற்று என எப்பாடலும் கூறவில்லை. ஈந்தவன் பெயரே எஞ்சியது. நம் காலத்துக் கொடைகளிற் பெயரோடு பொருளும் எஞ்சுதல் வேண்டுமாயின், அன்போடு எழுத்தும் சேர்தல் இன்றியமையாதது.